எச்1பி வேலை விசால இருக்கீங்களா, சொந்தமா பிளேன் வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"அண்ணா, இங்க சாதாரண சம்பளக்காரன் சொந்தமா பிளேன் வச்சுக்க முடியுமா?" டல்லாஸ் பக்கம் புதுசா வந்திருக்கிற பசங்க இதைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. முடியும். நான் போற ஏர்போர்ட்ல ஸ்கூல் டீச்சர் வச்சிருக்கார், ஏசி ரிப்பேர் பண்றவர் வச்சிருக்கார், ரிடயர் ஆன போஸ்ட்மேன் ஒருத்தர் வச்சிருக்கார். ஊர்ல இதை யோசிக்கவே முடியாது, அங்க பிளேன்னா அம்பானி டாட்டா சமாச்சாரம். ஆனா நீங்க எந்த விசால இருக்கீங்கங்கறதைப் பொறுத்து ஒரு பெரிய குழி இருக்கு, என் நண்பர் ஒருத்தர் அதுல முப்பத்தஞ்சாயிரம் டாலர் விட்டார், அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

மொதல்ல காசு. செஸ்னா 172-ங்கற நாலு சீட் சின்ன பிளேன் புதுசா நாலு லட்சம் டாலருக்கு மேல, அதை மறந்துடுங்க. நாம வாங்கக்கூடியது எல்லாம் 1960, 70கள்ல செஞ்ச பழைய பிளேன்தான். பழசுன்னு பயப்படாதீங்க, 172 மட்டுமே நாப்பத்தி நாலாயிரத்துக்கு மேல செஞ்சிருக்காங்க, பார்ட்ஸ் கிடைக்கும், தெரிஞ்ச மெக்கானிக் எல்லா ஊர்லயும் இருப்பான். நல்ல நிலைமைல இருக்கிற 70கள் மாடல் எழுபதாயிரத்துல இருந்து லட்சத்துக்கு மேல வரைக்கும் போகுது, பைப்பர் செரோக்கி 140 மாதிரி சின்னதுன்னா அதைவிடக் கம்மியாவும் கிடைக்கும். வாங்கற விலையைவிட வச்சுக்கிற செலவுதான் முக்கியம். வெளில கட்டிப்போட டை-டவுன் மாசம் நூறு டாலர் பக்கம், ஹேங்கர், அதாவது பிளேன் நிறுத்தற ஷெட், வேணும்னா அதுக்கு பல மடங்கு, அதுவும் வெயிட்டிங் லிஸ்ட். இன்ஷூரன்ஸ் புது பைலட்டுக்கு வருஷம் ரெண்டாயிரம் பக்கம் வந்துடும். பெட்ரோல் மணிக்கு எட்டு கேலன் குடிக்கும், கேலன் ஆறு ஆறரை டாலர். அப்புறம் வருஷா வருஷம் ஆனுவல் இன்ஸ்பெக்‌ஷன், ஒண்ணும் கோளாறு இல்லைன்னாலே ஆயிரத்தைநூறு ரெண்டாயிரம், கோளாறு கண்டுபிடிச்சாங்கன்னா அதுக்கு மேல கணக்கே கிடையாது. எஞ்சின் ரெண்டாயிரம் மணி நேரம் ஓடினா ஓவர்ஹால் பண்ணணும்னு எஞ்சின் செய்யற லைகமிங் கம்பெனிக்காரன் சொல்றான், அதுக்கு முப்பதாயிரம் நாப்பதாயிரம் ஆகும், அதனால பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் பதினஞ்சு இருபது டாலர் தனியா எடுத்து வைக்கணும். மொத்தத்துல வருஷம் நூறு மணி நேரம் பறந்தா பன்னெண்டு பதினஞ்சாயிரம் டாலர்னு வச்சுக்கங்க. அதை ரெண்டு பேரா மூணு பேரா பிரிச்சா ஐடி சம்பளத்துல தாராளமா கட்டுப்படியாகும். வருஷம் நூறு மணி நேரம் பறக்க மாட்டீங்கன்னா வாடகைக்கு எடுக்கிறதுதான் லாபம், மணிக்கு நூத்தம்பதுல இருந்து இருநூறு, பெட்ரோலும் அதுலயே அடக்கம்.

லைசன்ஸ் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். எச்1பி-ல இருந்தாலும் பைலட் லைசன்ஸ் எடுக்கலாம், எஃப்ஏஏ, அதாவது அமெரிக்க விமானத் துறை, அதுக்கு சிட்டிசன்ஷிப் கேட்கிறதில்ல. ஆனா சிட்டிசன் இல்லாத எல்லாரும், கிரீன் கார்டுக்காரங்களும் சேர்த்துதான், டிரெய்னிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிஎஸ்ஏ-ங்கற ஏர்போர்ட் பாதுகாப்பு ஏஜென்சி வெப்சைட்ல அப்ளை பண்ணி, கைரேகை குடுத்து, அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் முதல் கிளாஸ். சட்டப்படி குறைஞ்சது நாப்பது மணி நேரம், நிஜத்துல அறுபது எழுபது ஆகும், பதினஞ்சாயிரம் டாலர் எடுத்து வச்சுக்கங்க. பைலட்டுக்கான மெடிக்கல் டெஸ்ட்ல மட்டும் ஒரு விஷயம், நம்மாளுங்கள்ல நிறைய பேருக்கு சின்ன வயசுலயே சுகர் மாத்திரை இருக்கு. மாத்திரை சாப்பிடறவங்க நேரா போய் ஃபார்ம் ஃபில்லப் பண்ணிடாதீங்க, ஏவியேஷன் டாக்டர் கிட்ட மொதல்ல சும்மா கன்சல்டேஷனா பேசுங்க, என்ன பேப்பர் வேணும்னு கேட்டுட்டு அப்புறம் அப்ளை பண்ணுங்க. மெடிக்கல்ல ஒருதடவை ரிஜெக்ட் ஆயிட்டா, டிரைவிங் லைசன்ஸை வச்சு ஸ்போர்ட் பைலட்டா (சின்ன பிளேன் மட்டும் ஓட்டற லைசன்ஸ்) பறக்கிற வழியும் சேர்ந்து அடைபட்டுடும்.

இப்ப அந்தக் குழிக்கு வரேன். அமெரிக்காவுல பிளேனை எஃப்ஏஏ-ல உங்க பேர்ல ரெஜிஸ்டர் பண்ணணும்னா நீங்க சிட்டிசனா இருக்கணும், இல்ல கிரீன் கார்டு வச்சிருக்கணும். எச்1பி, எல்1, எஃப்1 யாருக்கும் கிடையாது. கார் வாங்கலாம், வீடு வாங்கலாம், போட் வாங்கலாம், பிளேன் மட்டும் முடியாது. ரெண்டு மூணு பேர் சேர்ந்து வாங்கினாலும் அதுல ஒருத்தர் எச்1பி-ன்னா அந்த ரெஜிஸ்ட்ரேஷன் செல்லாது. இது யாரும் வாயைத் திறந்து சொல்றதே இல்ல, ஏன்னா விக்கிறவனுக்கு அது தேவை இல்ல, ஃப்ளைட் ஸ்கூல்காரனுக்கும் தேவை இல்ல. ஃபார்முக்கு ஃபீஸ் வெறும் அஞ்சு டாலர், ஓக்லஹோமா சிட்டில இருக்கிற எஃப்ஏஏ ஆஃபீஸுக்கு அனுப்பினா முடிஞ்சுது. அவ்வளவு லேசா இருக்கிறதாலதான் நம்மாளுங்க அசால்டா இருந்துடறாங்க.

என் நண்பர் நெல்லைக்காரர், கிரீன் கார்டு க்யூல பல வருஷமா நிக்கிறார். லைசன்ஸ் எடுத்த கையோட நம்மூர்க்காரர் ஒருத்தர், இங்கயே செட்டில் ஆன சிட்டிசன், "தம்பி ரெண்டு பேரும் பாதி பாதி போட்டு ஒரு 172 வாங்குவோம், பேப்பர் என் பேர்ல இருக்கட்டும், உனக்கு கிரீன் கார்டு வந்ததும் சேர்த்துக்கலாம்"னு சொன்னார். இவரும் சரின்னுட்டார். ஊர்ல நாம இப்படித்தான பழகியிருக்கோம், ஆர்சி புக் சித்தப்பா பேர்ல இருக்கும், வண்டி நாம ஓட்டுவோம், மனை மச்சான் பேர்ல கிடக்கும், யாரும் கேட்க மாட்டாங்க. ஒரு துண்டு அக்ரிமெண்ட் கிடையாது. காசை ஜெல்-ங்கற பேங்க் ஆப்ல அனுப்பினார், மெமோல "ஃபார் பிளேன்"னு கூட போடல.

ரெண்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் ஒரு ஆனுவல்ல ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தப்போ உள்ள இரும்புத் தூள். லைகமிங் எஞ்சின்ல கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்கற தண்டு, மேல இருக்கும், பிளேன் பறக்காம மாசக்கணக்குல நின்னா அதுல இருந்து ஆயில் வடிஞ்சு துரு பிடிச்சிடும், இவங்க வாங்கறதுக்கு முன்னாடி அது வருஷக்கணக்குல சும்மா நின்ன பிளேன். ஓவர்ஹாலுக்கு முப்பத்தி ரெண்டாயிரம்னு எஸ்டிமேட் வந்துது. அந்தப் பெரியவர் என்னால முடியாதுன்னு சொல்லிட்டு, இவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம, இருக்கிற நிலைமைலயே இன்னொருத்தருக்கு பில் ஆஃப் சேல்ல, அதாவது வித்ததுக்கான பத்திரத்துல, கையெழுத்து போட்டுட்டார். டை-டவுன்ல வேற ஒருத்தன் கவரை அவுத்துக்கிட்டு இருந்தப்போதான் இவருக்கு விஷயமே தெரியும். காசு கேட்டதுக்கு என்ன சொன்னார் தெரியுமா, "இத்தனை நாள் பறந்தியே, அது வாடகைன்னு வச்சுக்கோ". இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு கொதிக்குது. வெள்ளைக்காரன் பண்ணியிருந்தா கூட மனசு ஆறிடும், பொங்கல் விழாவுல பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன்.

வக்கீல் கிட்ட போனார். வக்கீல் சொன்னது இதுதான்: எஃப்ஏஏ பேப்பரை மட்டும்தான் பார்க்கும், யார் காசு போட்டாங்கன்னு பஞ்சாயத்து பண்ணாது, நீங்க சிவில் கேஸ்தான் போடணும், ஆனா உங்ககிட்ட எழுத்துல ஒண்ணுமே இல்ல, கேஸ் நடத்தற செலவு போட்ட காசைத் தாண்டிடும். இன்ஷூரன்ஸ்லயும் இவர் ஓனர் இல்ல, வெறும் அனுமதிக்கப்பட்ட பைலட். அதாவது நடுவுல பிளேன் நொறுங்கியிருந்தாலும் செக் அந்தப் பெரியவர் பேருக்குத்தான் வந்திருக்கும்.

இன்னொண்ணும் சொல்லணும், இது காசைவிடப் பெருசு. சில பேர் "ஃபார்ம்ல சிட்டிசன்னு டிக் பண்ணு, யார் பார்க்கப் போறா"ன்னு ஐடியா குடுக்கறாங்க. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. பொய்யா கையெழுத்து போட்டா ஃபெடரல் குற்றம், அது மட்டும் இல்லாம அமெரிக்க சிட்டிசன்னு பொய் சொன்னது வெளில வந்தா கிரீன் கார்டு கனவே அதோட முடிஞ்சுடும், மன்னிப்பு கிடைக்கிற வழியே கிட்டத்தட்ட இல்ல. ஒரு பிளேனுக்காக பொண்டாட்டி புள்ளைங்களோட எதிர்காலத்தைப் பணயம் வைக்காதீங்க.

எச்1பி-ல இருக்கும்போதே வாங்கியே ஆகணும்னா ஒழுங்கான வழி டிரஸ்ட். சிட்டிசனோ கிரீன் கார்டுக்காரரோ டிரஸ்டியா இருப்பார், பிளேன் டிரஸ்ட் பேர்ல ரெஜிஸ்டர் ஆகும், பலன் உங்களுக்குன்னு எழுத்துல இருக்கும். இதையே தொழிலா செய்யற கம்பெனிங்க இருக்கு, வருஷா வருஷம் ஃபீஸ் உண்டு. ஐம்பதாயிரம் டாலர் செரோக்கிக்கு அந்தச் செலவு எனக்கு நியாயமா படல.

என் அபிப்பிராயம், கிரீன் கார்டு வர்ற வரைக்கும் ஃப்ளையிங் கிளப்ல இருங்க. நான் அப்படித்தான் பறக்கறேன், ஒரு குறையும் இல்ல. மாசச் சந்தா, பறக்கிற மணிக்கு ஒரு ரேட், ஆனுவல் தலைவலி கிளப்போடது. போன வருஷம் அப்பா வந்திருந்தப்போ மெக்கின்னில இருந்து டெக்ஸோமா ஏரி வரைக்கும் கிளப் பிளேன்லதான் கூட்டிட்டுப் போனேன். பாண்டியன் போக்குவரத்துல ரிடயர் ஆகற வரைக்கும் பஸ் ஓட்டின மனுஷன், ஹெட்செட்டை மாட்டிக்கிட்டு டயல் ஒண்ணொண்ணா என்னன்னு கேட்டுட்டு வந்தார், கடைசில "இதுக்கு எஃப்சி எப்போடா காட்டணும்"னார். ஆனுவலை அதைவிட சரியா யாரும் புரிஞ்சுக்க முடியாது. அம்மா இருந்திருந்தா அவங்களையும் பின் சீட்ல உட்கார வச்சிருப்பேன்.

கிரீன் கார்டு வந்ததுக்கு அப்புறம் கூட்டா வாங்கறவங்க, காசு போட்ட எல்லார் பேரும் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருக்கணும், அண்ணன் தம்பியா இருந்தாலும் சரி. ஒருத்தர் விலகினா மத்தவங்க என்ன விலைக்கு, எத்தனை நாளுக்குள்ள வாங்கிக்கணும்னு அக்ரிமெண்ட்ல இருக்கணும். எஞ்சின் காசு தனி அக்கவுண்ட்ல, ரெண்டு கையெழுத்து. வாங்கறதுக்கு முன்னாடி டைட்டில் சர்ச் பண்ணுங்க, பழைய ஓனரோட கடன் பிளேன் மேல உட்கார்ந்திருக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு நீங்க காசு குடுத்து வைக்கிற மெக்கானிக்தான் வரணும், விக்கிறவனோட மெக்கானிக் வேண்டாம், கடைசி அஞ்சு வருஷம் வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்திருக்குன்னு லாக்புக்ல பாருங்க, கம்மியா பறந்திருந்தா சிலிண்டரைக் கழட்டி கேம்ஷாஃப்டைப் பார்த்தாத்தான் ஆச்சுன்னு நில்லுங்க, விக்கிறவன் ஒத்துக்கலைன்னா அந்த பிளேன் வேண்டாம்.

கிளப்ல சேர்றவங்களுக்கும் ஒண்ணு: பிளேனுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க கையில இருந்து எவ்வளவு கட்டணும்னு முதல் நாளே எழுத்துல வாங்கிக்கங்க, அப்புறம் வருஷம் சில நூறு டாலர்ல வாடகைக்கு ஓட்டறவங்களுக்கான இன்ஷூரன்ஸ் தனியா கிடைக்குது, அதை எடுக்காம சாவியைத் தொடாதீங்க.