டர்ட் பைக் ஆயில் ஃபில்டர்: கழுவிப் போடுவதா, கழற்றி எறிவதா?

முதலில் உங்கள் பைக்கில் ஆயில் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இதைப் பார்க்காமலே, எறியும் பேப்பர் ஃபில்டருக்குப் பதிலாகக் கழுவித் திரும்பப் போடும் ஸ்டீல் ஃபில்டர் தேடி அலைந்தவர்கள் உண்டு. டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்குகளில் பெட்ரோலோடு கலந்த ஆயில் எரிந்து போய்விடும், கியர்பாக்ஸ் ஆயில் தனி, பெரும்பாலும் அதற்கு ஃபில்டரே கிடையாது. சிறுவர்களுக்கான சில சின்ன ஃபோர்-ஸ்ட்ரோக் பைக்குகளிலும் ஒரு கம்பி வலை மட்டும்தான் இருக்கும், அதைக் கழுவினால் போதும். மற்ற ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

காரில் நாலு லிட்டர் ஆயில் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். டர்ட் பைக்கில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான், பல மாடல்களில் அந்த ஒரு லிட்டரே இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கிளட்சையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளட்ச் தகடு தேய்ந்த கருந்தூள், கியர் பல்லில் இருந்து உதிரும் இரும்புப் பொடி, பிஸ்டனின் அலுமினியம் எல்லாமே அந்த ஒரே ஆயிலில்தான் மிதக்கும். (ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் 2016 வரை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில் வைத்திருந்தது, 2017இல் அதுவும் ஒரே ஆயிலுக்கு வந்துவிட்டது.) அதனால் காருக்குச் சரியாக இருக்கும் கணக்கை இங்கே கொண்டுவந்து போட முடியாது.

பேப்பர் ஃபில்டர் மடிப்பு மடிப்பாக இருக்கும், நார்களின் ஆழத்தில் அழுக்கு போய்ச் சிக்கிக்கொள்ளும், எவ்வளவு கழுவினாலும் வெளியே வராது, அதனால்தான் எறிகிறோம். ஸ்டீல் ஃபில்டரில் நுண்ணிய கம்பி வலை, அழுக்கு மேற்பரப்பிலேயே நின்றுவிடும், அதனால் கழுவ முடிகிறது. வலையின் ஓட்டை பெரும்பாலும் 30, 35 மைக்ரான் அளவில் வரும். தலைமுடி சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதில் பாதி.

இந்த மைக்ரான் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பேப்பர் ஃபில்டர் டப்பாவில் அதைவிடச் சின்ன எண் போட்டிருந்தால், அந்த அளவுத் துகள் அத்தனையையும் அது பிடிக்கும் என்று அர்த்தமில்லை, ஒரு பங்கைப் பிடிக்கும் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். ஸ்டீல் வலையில் ஓட்டை ஒரே அளவாக இருப்பதால் 35 என்றால் அதைவிடப் பெரியது கிட்டத்தட்ட எதுவும் தாண்டாது, ஆனால் அதைவிடச் சின்னது சர்வசாதாரணமாகத் தாண்டும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தலைதான் சுற்றும். ஆயில் படலமே சில மைக்ரான் கனம்தான் என்பதால், வால்வுகளைத் திறக்கும் கேம் உட்காரும் இடத்தைத் தேய்ப்பது பெரும்பாலும் அந்தத் தாண்டிப்போகும் பொடிசுகள். பேப்பர் அதில் கொஞ்சத்தையாவது பிடித்து வைத்துக்கொள்ளும். ஸ்டீல் போட்டவருக்கு அவற்றை வெளியேற்ற ஒரே வழி ஆயிலையே வடித்துவிடுவது.

ஆக, நான் யாராவது கேட்டால் முதலில் கேட்பது, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியதும் ஆயில் மாற்றுகிறீர்கள் என்பதைத்தான். ரேஸ் ஓட்டி 5 மணி நேரத்துக்கு ஒருமுறை வடிப்பவர் என்றால் ஸ்டீல் தாராளமாகப் போடலாம், பொடிசுகள் பெருகுவதற்குள் ஆயிலே போய்விடுகிறது. மெதுவாகக் காட்டுப்பாதையில் சுற்றிவிட்டு 15, 20 மணி நேரம் இழுப்பவர் என்றால் பேப்பர்தான். "ஸ்டீல் ஃபில்டர் போட்டாச்சு, இனி ஆயிலை இன்னும் கொஞ்சம் நாள் ஓட்டலாம்" என்று நினைப்பவர்தான் ரொம்பத் தப்பாகப் புரிந்துகொண்டவர். எந்த ஃபில்டராக இருந்தாலும், சரியாக ஆயில் பூசாத ஏர் ஃபில்டர் வழியாக மணல் தூசி இறங்கினால் எதுவும் காப்பாற்றாது, அது வேறு கதை.

அடுத்தது கழுவும் வேலை. இதில் சோம்பல் வரும் என்று உங்களுக்கே தெரிந்தால் இங்கேயே நிறுத்திக்கொண்டு பேப்பர் வாங்கிவிடுங்கள், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. சும்மா பெட்ரோலில் ஒரு முக்கு முக்கி எடுத்துப் போடுவது கழுவுவது ஆகாது. மண்ணெண்ணெயிலோ பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரிலோ ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, உள்ளே இருந்து வெளியே தள்ளும்படி அலச வேண்டும். வெளியில் இருந்து உள்ளே பீய்ச்சினால், இதுவரை வெளிப்பக்கம் நின்ற இரும்புப் பொடியை நீங்களே சுத்தமான ஆயில் போகும் பக்கத்துக்கு அனுப்பிவைக்கிறீர்கள். கம்பி பிரஷ் கூடாது. கம்ப்ரஸர் காற்றைக் கிட்டே வைத்து முழு வேகத்தில் அடிக்கவும் கூடாது, வலை பிரிந்துவிடும். பிரேக் கிளீனர், கார்ப் கிளீனர் மாதிரிக் கடுமையான திரவங்கள் முனையில் வலையை ஒட்டியிருக்கும் பசையையும் ரப்பரையும் அரிக்கலாம், ஃபில்டரோடு வந்த தாளில் சரி என்று போட்டிருந்தால் ஒழிய அவற்றைத் தொடாதீர்கள். அப்புறம் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்தால் சரி. ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று தெரிந்தால் அங்கே கிழிசல், ஃபில்டர் குப்பைக்கு. இருட்டுத் திட்டு தெரிந்தால் மறுபடியும் ஊறவைக்க வேண்டும். நான் ஒருமுறை அவசரத்தில் சரியாகக் காயாமலே மாட்டிவிட்டு, அடுத்த நாள் ஆயில் பார்க்கும் கண்ணாடியில் லேசாகப் பால் நிறம் (தண்ணீர் கலந்த அடையாளம்) தெரிந்ததும், போட்ட ஆயிலை அப்படியே வடித்துக் கொட்டினேன். மிச்சப்படுத்தியது அரை மணி நேரம், போனது ஒரு லிட்டர் புது ஆயில்.

தண்ணீரில் மூழ்கிய பைக்குக்கு மட்டும் ஸ்டீல் உண்மையிலேயே கைகொடுக்கும். ஆற்றைக் கடக்கும்போது இன்ஜின் தண்ணீர் குடித்துவிட்டால் இரண்டு மூன்று முறை ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வடித்து எடுக்க வேண்டிவரும். நனைந்து ஊறின பேப்பர் ஃபில்டரை நம்ப முடியாது, ஒவ்வொரு முறையும் புதுசு வேண்டும். வலையை அலசி, உலர்த்தி, திரும்ப மாட்டிக்கொண்டே இருக்கலாம்.

புது இன்ஜினுக்கும், பிஸ்டன் மாற்றின இன்ஜினுக்கும் முதல் சில மணி நேரம் பேப்பர்தான் என் தேர்வு. அந்த நேரத்தில்தான் உலோகத் துகள் அதிகம் வரும், அதைப் பிடித்து வைத்திருக்கும் ஃபில்டரைக் கத்தியால் வெட்டி, மடிப்புகளை விரித்துப் பார்த்தால் இன்ஜின் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். காந்தம் பிடித்தால் இரும்பு. பிடிக்காமல் வெள்ளியாக மினுங்கினால் அலுமினியம், பொன்னிறமாக இருந்தால் வெண்கலப் புஷ் (தண்டு சுழலும் வளையம்) எங்கோ தேய்கிறது. ஸ்டீலிலும் பார்க்கலாம், கழுவுவதற்கு முன் வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். இன்ஜின் உள்ளே ஏதாவது உடைந்து சிதறியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்டீலாக இருந்தாலும் நான் மறுபடி போட மாட்டேன்.

வாங்கும்போது உங்கள் மாடலுக்கும் வருடத்துக்கும் உரியதா என்று பாருங்கள். சில பைக்குகளில் அடைப்பு வந்தால் திறக்கும் பைபாஸ் வால்வு ஃபில்டருக்குள்ளேயே இருக்கும், மாற்றாக வாங்குவதிலும் அது இருக்க வேண்டும். பழைய கேடிஎம் சிலவற்றில் ஃபில்டரே இரண்டு, கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு பெரிய விஷயமில்லை, ஸ்டீலின் விலையைப் பேப்பரின் விலையால் வகுத்தால் எத்தனை தடவைக்குப் பிறகு லாபம் என்று வந்துவிடும், அதுவரை இந்த பைக்கையே வைத்திருப்பீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கழுவின மண்ணெண்ணெயும் கழிவுதான், வடித்த ஆயிலோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், சாக்கடையில் அல்ல.

எதை மாட்டினாலும் திசையைக் கவனியுங்கள். பல ஃபில்டர்களில் வெளிப்பக்கம் எது என்று அச்சடித்திருக்கும், திருப்பிப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபட்டு இன்ஜின் இறுகி நின்றுவிடும். ஓ-ரிங்கில் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கொஞ்சம் ஆயில் தடவி உட்காரவையுங்கள், மூடி போல்ட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு மட்டும் முறுக்குங்கள், அலுமினிய மரை சீக்கிரம் வழுகிவிடும். ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, மூடி ஓரத்தில் கசிவு இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு ஆயில் மட்டத்தை மறுபடி பார்த்து, இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரில் என்ன காட்டுகிறது என்று எங்காவது எழுதி வையுங்கள்.