சின்ன லேஅவுட்டுக்கு மலிவு ரயில் எஞ்சின்: ஒரு மாலையில் சோதித்துப் பார்ப்பது எப்படி?

மாடல் ரயில் எஞ்சின் முதல் தடவை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, "எவ்வளவு வேகமாக ஓடும்?" நாலுக்கு மூன்று அடிப் பலகையில் லேஅவுட் (ட்ராக்கும் காட்சியும் சேர்ந்த அமைப்பு) போடுகிறவருக்கு இந்தக் கேள்வியே வேண்டாம். முழு வேகத்தில் விட்டால் ஐந்தாறு விநாடியில் ரயில் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். நிற்காமல், திக்காமல், ஊர்ந்து போகிறதா? சின்னப் பலகையில் அதுதான் முக்கியம். விலை குறைந்த எஞ்சின்களில் இதை அழகாகச் செய்பவை உண்டு, செய்யாதவையும் உண்டு. பெட்டியையும் பெயின்ட்டையும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

தேவையானவை: ஒரு மீட்டர் நேர் ட்ராக், ஒரு பாயிண்ட் (ஒரு ட்ராக் இரண்டு வழியாகப் பிரியும் துண்டு), அளவு டேப், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்.

உதாரணத்துக்கு ஓஓ (OO) அளவில் ஒரு 0-4-0 டாங்க் எஞ்சினை (தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் நீராவி எஞ்சினின் மாடல்) எடுத்துக்கொள்கிறேன். மொத்தமே நாலு சக்கரம், நாலும் ஓட்டுச் சக்கரம். முன்னாலும் பின்னாலும் தாங்கு சக்கரம் கிடையாது. மலிவு எஞ்சின்களில் அதிகம் கிடைக்கும் வகை இதுதான்.

படி 1: முதலில் பலகையை அளந்துகொள்ளுங்கள்

ஓஓ என்பது 1:76, அதாவது நிஜ ரயிலில் 76-ல் ஒரு பங்கு; எச்ஓ (HO) 1:87. இரண்டும் ஓடுவது 16.5 மி.மீ. ட்ராக்கில்தான். 'N' ஸ்கேலுக்கு 9 மி.மீ. ட்ராக், பிரிட்டனில் 1:148, ஜப்பானில் பெரும்பாலும் 1:150.

பிரிட்டனின் மாடல் ரயில் கம்பெனி ஹார்ன்பியின் மிகச் சிறிய வளைவுக்கு ஆரம் 371 மி.மீ. வட்டமாகப் போட்டால் குறுக்கே 742 மி.மீ., ஸ்லீப்பர் அகலமும் சேர்ந்தால் 770-ஐத் தாண்டும். அதனால் இரண்டரை அடி (762 மி.மீ.) பலகையில் அடங்காது, மூன்று அடியில் தாராளமாக அடங்கும். அடுத்த வளைவு 438 மி.மீ. ஆரம். மூன்று அடியில் அதையும் திணித்துவிடலாம். ஆனால் ஸ்லீப்பர் பலகையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், ஒரு தடவை தடம் புரண்டால் எஞ்சின் நேராகத் தரையில் விழும். அந்த ஆபத்து வேண்டாம்.

நீளமான எஞ்சின்கள் 371 மி.மீ. வளைவில் திணறுவதற்கும் 0-4-0 சுலபமாகத் திரும்புவதற்கும் காரணம் நிஜ ரயிலிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் அண்ட் யார்க்ஷயர் ரயில்வே 1891 முதல் 1910 வரை 'பக்' என்று அழைக்கப்பட்ட 57 குட்டி 0-4-0 எஞ்சின்களைக் கட்டியது. துறைமுகங்களில் கிடங்குகளுக்கு நடுவே ட்ராக் சடாரென்று வளையும், அங்கே பெரிய எஞ்சின் நுழைய முடியாது. நம் வீட்டுப் பலகையும் கிட்டத்தட்ட ஒரு துறைமுக யார்டுதான். துறைமுகம், தொழிற்சாலை, சர்க்கரை ஆலை போன்ற காட்சியைப் போட்டால் குட்டி எஞ்சின் பொருத்தமாகவே இருக்கும்.

நம் ஊர் ரயில் மாடல் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் அகலப் பாதை 1676 மி.மீ.; அதை 1:87-க்குக் குறைத்தால் 19 மி.மீ.க்கும் கொஞ்சம் மேலே வரும். எச்ஓ ட்ராக்கின் 16.5 மி.மீ. என்பது 1435 மி.மீ. பாதைக்கான கணக்கு. அதனால் நம் எஞ்சின் எச்ஓ ட்ராக்கில் நிற்கும்போது கால் கொஞ்சம் குறுகித் தெரியும். எனக்கு அது பழகிவிட்டது, உங்கள் கண்ணுக்கு எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: எஞ்சினைத் தலைகீழாகத் திருப்புங்கள்

ஒரு மெல்லிய துணியில் எஞ்சினைக் கவிழ்த்து வைத்து, சக்கரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். மயிரிழை போல மெல்லிய செம்புத் தகடோ கம்பியோ ஒவ்வொரு சக்கரத்தையும் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். தண்டவாளத்திலிருந்து மின்சாரம் மோட்டாருக்குப் போகும் வழி அதுதான். எத்தனை சக்கரத்தில் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று வளைந்து சக்கரத்தைத் தொடாமல் விலகி நின்றால், பல் குத்தும் குச்சியால் மெல்ல உள்ளே தள்ளிவிட்டால் போதும்.

அப்புறம் ரப்பர் வளையம். இழுவைக்காகச் சில எஞ்சின்களில் ஓரிரு சக்கரத்துக்கு ரப்பர் போட்டிருப்பார்கள். இழுவை கூடும், ஆனால் ரப்பர் போட்ட சக்கரம் மின்சாரம் எடுக்காது. நான் பழைய எஞ்சின் ஒன்றை நிறத்தில் மயங்கி வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால் நாலு சக்கரத்தில் இரண்டுக்கு ரப்பர். மிச்சம் பக்கத்துக்கு ஒரே சக்கரம். தண்டவாளத்தில் ஒரு தூசி இருந்தாலும் நின்றுவிடும். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது எஞ்சினின் அடிப்பக்கத்தைத்தான்.

வெர்னியர் இருந்தால் ஒரே அச்சில் உள்ள இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே அளந்துவிடுங்கள். ஓஓ, எச்ஓ இரண்டிலும் 14.4 மி.மீ. பக்கம் வர வேண்டும். ரொம்பக் குறைந்தால் பாயிண்ட்டில் ஏறி இறங்கும்.

இன்னொன்று: செகண்ட் ஹேண்டில் மார்க்லின் (ஜெர்மன் மாடல் ரயில் கம்பெனி) எச்ஓ எஞ்சின் சகாய விலைக்கு வந்தால் அவசரப்படாதீர்கள். அது நடுவில் மூன்றாவது மின்தொடர்பு உள்ள ட்ராக்குக்கானது. நம் சாதாரண 12 வோல்ட் டிசி ட்ராக்கில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

படி 3: துடைத்து, பழக்கி விடுங்கள்

ஐசோப்ரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் சக்கரங்களைத் துடையுங்கள், கறுப்பு வருவது நிற்கும் வரை. பிறகு வண்டி எதுவும் மாட்டாமல், பாதி வேகத்தில், முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி. புது எஞ்சின் முதல் பத்து நிமிடத்தில் காட்டும் முரட்டுத்தனத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படி 4: ஊர்ந்து போகிறதா?

முக்கியமான சோதனை இதுதான். நீங்கள் எப்போதும் பயன்படுத்தப் போகும் கண்ட்ரோலரிலேயே (ட்ராக்குக்கு மின்சாரம் கொடுத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) செய்யுங்கள். கண்ட்ரோலர் மாறினால் எஞ்சினின் குணமும் மாறும். எஞ்சின் நகரத் தொடங்கும் இடம் வரை குமிழை மெல்லத் திருப்புங்கள். நிற்காமல் ஓடக்கூடிய மிகக் குறைந்த வேகம் கிடைத்ததும், ஒரு மீட்டர் தூரத்துக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள்.

கணக்கு சுலபம். ஓஓ என்றால் 274-ஐ விநாடியால் வகுங்கள். எச்ஓ-வுக்கு 313, ஜப்பான் 'N' ஸ்கேலுக்கு 540. கிடைப்பது நிஜ ரயிலில் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது. ஓஓ எஞ்சின் ஒரு மீட்டரை 9 விநாடியில் கடந்தால் மணிக்கு 30 கி.மீ. யார்டில் வேகன் கோர்க்க இது ரொம்ப அதிகம். 25 விநாடி எடுத்தால் 11 கி.மீ. இந்த விலைக்கு இது அருமையான ஓட்டம். நான் ஏற்றுக்கொள்ளும் எல்லை 18 விநாடி, அதாவது 15 கி.மீ.

பின்னோக்கியும் ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மெதுவாக ஓடி மறுபக்கம் தாவினால் கியரிலோ இணைப்புக் கம்பியிலோ எங்கோ பிடிக்கிறது. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் லேசாக இழுத்துக்கொண்டால் அதுவும் அதே கதைதான்.

படி 5: பாயிண்ட்டைக் கடக்கட்டும்

பாயிண்ட்டின் நடுவே தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தை ஃபிராக் என்பார்கள். மலிவு பாயிண்ட்களில் அது பிளாஸ்டிக், அங்கே மின்சாரம் கிடையாது. நீளமான எஞ்சினின் வேறு சக்கரங்கள் அதற்கு முன்னும் பின்னும் தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். நம் 0-4-0-வுக்கோ பக்கத்துக்கு இரண்டே சக்கரம். ஒன்று பிளாஸ்டிக்கில் இருக்கும்போது மற்றதும் அழுக்கில் நின்றால் வண்டி செத்துவிடும்.

படி 4-ல் கண்டுபிடித்த அதே குறைந்த வேகத்தில், பாயிண்ட்டின் இரண்டு வழியிலும், இரண்டு திசையிலும், பத்துப் பத்து தடவை ஓட்டுங்கள். எத்தனை தடவை விரலால் தள்ள வேண்டியிருந்தது என்று எழுதுங்கள். நாற்பதில் ஓரிரண்டு என்றால் ட்ராக்கைத் துடைத்தாலே சரியாகிவிடும். ஒவ்வொரு தடவையும் நின்றால், ஃபிராக்குக்கு மின்சாரம் கொடுக்க வசதியுள்ள பாயிண்ட் வாங்க வேண்டும். அந்தச் செலவையும் எஞ்சின் விலையோடு கூட்டிப் பாருங்கள். மலிவு எஞ்சின் உண்மையில் மலிவா என்பது அப்போதுதான் தெரியும்.

படி 6: இழுவை, கப்ளிங், மற்றவை

மாட்டப் போகும் வேகன்களை மாட்டி, வளைவில் இழுக்கச் சொல்லுங்கள். சின்ன லேஅவுட்டில் நாலைந்து வேகன் போதும். மீட்டருக்கு 2 செ.மீ. உயரும் ஏற்றம் வைக்கப் போகிறீர்கள் என்றால் ஏற்றத்திலேயே சோதியுங்கள். சமதளத்தில் இழுத்ததில் பாதியைக்கூட அங்கே இழுக்காமல் போகலாம்.

கப்ளிங் (வண்டிகளைக் கோர்க்கும் கொக்கி) உங்கள் வேகன்களோடு சேருகிறதா என்று பாருங்கள். பின்னால் டிசிசிக்கு (DCC, ஒவ்வொரு எஞ்சினையும் டிஜிட்டல் கட்டளையால் தனியாக ஓட்டும் முறை) மாறும் எண்ணம் இருந்தால் உள்ளே 6 அல்லது 8 பின் சாக்கெட் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் வயரைப் பற்றவைக்க வேண்டும், குட்டி எஞ்சினில் அந்தக் கட்டளையை வாங்கும் டிகோடர் வைக்க இடமும் பெரும்பாலும் இருக்காது.

இப்போது என்னிடம் இருக்கும் 0-4-0 ஒரு மீட்டரை 22 விநாடியில் கடக்கிறது, பாயிண்ட்டில் நாற்பதுக்கு ஒரு தடவை நின்றது, ஐந்து வேகன் இழுக்கிறது. இந்த மூன்று எண்களையும் தேதியோடு பெட்டி மூடியின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். சில மாதங்களுக்கு ஒரு தடவை அதே ஒரு மீட்டரை ஓட்டிப் பார்ப்பேன். முன்பு போல மெதுவாக ஊர முடியாமல் நின்று நின்று போனால், சக்கரம் துடைக்கும் நாள் வந்துவிட்டது என்று அர்த்தம்.