மறியாடு வேட்கைக்கு வந்ததைக் கண்டுபிடிப்பது எப்படி?

மறி (பெட்டை ஆடு) கத்துகிறது என்பதை மட்டும் வைத்து வேட்கை, அதாவது கிடாயோடு சேரத் தயாரான பருவம், வந்துவிட்டது என்று கிடாயிடம் கொண்டுபோகாதீர்கள். பசித்தாலும் கத்தும், குட்டியைப் பிரித்தாலும் கத்தும். இன்னொரு பக்கம், வாயே திறக்காமல் வேட்கையை முடித்துவிடுகிற மறிகளும் பட்டியில் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது வாலை.

காலையில் அவிழ்த்துவிட முன்னும், பின்னேரம் கட்டின பின்னும் ஒவ்வொரு மறிக்கும் பின்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வேட்கைக்கு வந்த மறி வாலைப் படபடவென்று ஆட்டும். ஈ ஓட்டுகிற ஆட்டலுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஈ போனதும் அந்த ஆட்டல் நின்றுவிடும், இது நிற்காது. இடுப்பில் கையை வைத்து அழுத்தினால் வேகம் கூடும். வாலைத் தூக்கிப் பாருங்கள்: பிறப்புறுப்பு வீங்கிச் சிவந்து ஈரமாக இருக்கும். தொடக்கத்தில் வடிகிற வழும்பு முட்டை வெள்ளைக்கரு போலத் தெளிவாக, விரலில் தொட்டு இழுத்தால் நூலாக நீளும். நேரம் போகப்போக அது கலங்கித் தடித்து வெள்ளையாகும். வால் மயிரில் புழுதியோடு காய்ந்து ஒட்டியிருந்தால் இரவே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நாற்றமடிக்கும் சீழாக வந்தால் அது வேட்கை இல்லை, கருப்பையில் கிருமி. கிடாயைக் கிட்ட விடாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

தீனி குறைவது, பால் ஒரு நேரம் குறைவது, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சலம் விடுவது, மற்ற மறிகள் மேல் ஏறுவது எல்லாம் துணை அறிகுறிகள்தான். உறுதியான அறிகுறி ஒன்றே: மற்ற ஆடு மேலே ஏறும்போது விலகாமல், அசையாமல் நிற்பது. ஏறுகிற மறியை விட, நின்று கொடுக்கிற மறியையே கவனியுங்கள்.

கிடாய் இல்லாத வீட்டில் ஒரு சீலைத் துண்டு போதும். நல்ல கிடாயின் கொம்புக்குப் பின்பக்கம் அழுத்தித் தேய்த்தால் அதன் மொச்சை மணம் சீலையில் ஏறும். மூடி இறுகின போத்தலில் போட்டு வைத்து, மறியின் மூக்கருகே திறந்து காட்டுங்கள். வேட்கையில் இருக்கிற மறி போத்தலை விட்டு விலகாது, வாலும் ஆடத் தொடங்கும். மணம் குறைந்ததும் புதிதாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

வேட்கை பொதுவாக 24 முதல் 48 மணித்தியாலம் நிற்கும். கருமுட்டை வெளிவருவது அதன் கடைசிப் பக்கத்தில். ஆகவே காலையில் கண்டால் அன்று பின்னேரம் ஒருமுறை, மறுநாள் காலை இன்னொருமுறை கிடாய்க்கு விடுங்கள். பின்னேரம் கண்டால் மறுநாள் காலையும் பின்னேரமும். கண்டவுடனே ஒருமுறை விட்டுத் திருப்பிக் கொண்டுவருவதுதான் பலருக்குக் குட்டி தங்காமல் போகக் காரணம்.

எங்கள் வெயில் நாட்டில் ஆடுகள் வருடம் முழுக்க, ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வேட்கைக்கு வரும். அதற்காக எப்போதும் கிடாய்க்கு விட்டுவிடக் கூடாது. சினைக்காலம் சுமார் 150 நாள். யூன் 20 இல் விட்டால் குட்டி நவம்பர் நடுவில் விழும். திருகோணமலையில் அது வாடைமழை கொட்டுகிற காலம். ஈரக் கொட்டிலில் குட்டிக்குச் சளியும் கழிச்சலும் வரும். செப்டெம்பர் 1 இல் விட்டால் ஜனவரி 29 வாக்கில் விழும். மழை தணிந்து, குழையும் புல்லும் நிறைந்திருக்கும்போது தாய்க்குப் பால் இறங்கும்.

சிக்கல் என்னவென்றால், ஓகஸ்டில் காய்ந்த நிலத்தில் மேய்ந்து மறிகள் மெலிந்திருக்கும். மெலிந்த மறிக்கு வேட்கை வராது, வந்தாலும் வெளியே தெரியாது. முதுகுத்தண்டைத் தடவிப் பாருங்கள். எலும்பு முனைகள் கூர்மையாகக் குத்தினால் அது இன்னும் தயாரில்லை. விடுவதற்கு 3 கிழமை முன்பிருந்து, மேய்ச்சலோடு நாளுக்கு 200 முதல் 250 கிராம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்து கொடுங்கள். ஒரேநாளில் முழு அளவும் வைத்தால் வயிறு ஊதும், மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கிளிரிசிடியா, இப்பிலிப்பில் மரக் குழைகளும் உதவும். பூச்சி மருந்தையும் அப்போதே கொடுத்து முடியுங்கள். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் கருவுக்குக் கேடு.

இளம் மறி 5, 6 மாதத்திலேயே வாலாட்டத் தொடங்கலாம். ஏமாறாதீர்கள். உங்கள் பட்டியில் வளர்ந்த மறி 30 கிலோ என்றால் இளசு 20 கிலோவாவது வர வேண்டும். அதுவரை கட்டாக்காலிக் கிடாய்களிடமிருந்து காப்பாற்றுங்கள். சொந்தக் கிடாய்க்குட்டிகளையும் 3 மாதத்தில் பிரித்துவிடுங்கள், தாயையே சினையாக்கிவிடும்.

வேட்கையே காணவில்லையா? கிடாயை மணமோ சத்தமோ எட்டாத தூரத்தில் 3, 4 கிழமை வைத்துவிட்டுத் திடீரென்று கொண்டுவந்தால் பல மறிகள் 10 நாளுக்குள் வரும். முதலில் வருகிற வேட்கை சிலதில் ஒரு கிழமைக்குள் திரும்பவும் வரும், பயப்பட வேண்டாம். தாயும் தகப்பனும் கொம்பில்லாதவை என்றால் பிறக்கிற கொம்பில்லாத குட்டிகளில் சில பார்வைக்கு மறி போல இருந்தும் ஒருநாளும் சினைப்படாது. அதனால் சோடியில் ஒன்று கொம்புள்ளதாக இருக்கட்டும்.

விட்ட திகதியைக் கலண்டரில் எழுதுங்கள். செப்டெம்பர் 1 இல் விட்டதென்றால் 19 ஆம் திகதி தொடங்கி 24 ஆம் திகதி வரை காலையும் பின்னேரமும் திரும்ப வாலைப் பாருங்கள். ஆட்டினால் தங்கவில்லை, இன்னொருமுறை விட வேண்டும். மூன்று முறை திரும்பினால் முதலில் கிடாயை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் திரும்புகிற மறியைத்தான் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.