முப்பத்தைந்தைத் தாண்டிய வீரர்: ஒரு எம்எம்ஏ சண்டையை எடைபோடும் முறை

குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்எம்ஏவில் ஒரு சண்டை அறிவிப்பு வந்ததும் பெரும்பாலான விவாதம் இரண்டே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "ஆளுக்கு வயசாயிடுச்சு", "அனுபவம் பேசும்". இந்த இரண்டை வைத்து ஒரு சண்டையைக்கூடக் கணிக்க முடியாது. வயது ஒரு வீரரின் உடம்பில் எல்லா இடத்தையும் ஒரே நாளில் தொடுவதில்லை. ஒருவருக்கு முதலில் கண்வேகம் போகும், இன்னொருவருக்கு முழங்கால், மற்றொருவருக்குத் தாடை, அதாவது அடி தாங்கும் திறன். இவரிடம் போனது எது, எதிராளி அந்த இடத்தில் கைவைக்கத் தெரிந்தவரா என்ற இரண்டும் தெரிந்தால்தான் பேச்சில் பொருள் இருக்கும். ஒரு சண்டைக்கு இரண்டரை மணி நேரமும் ஒரு தாளும் ஒதுக்கினால் போதும்.

எதைப் பார்ப்பது

மூத்த வீரரின் கடைசி மூன்று சண்டைகளை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே நான்கைந்து ஆண்டுக்கு முந்தைய, அவர் உச்சத்தில் இருந்த காலத்துச் சண்டை ஒன்று. ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் அவர் அடித்தது மட்டும் இருக்கும், அடிக்க நினைத்து அடிக்காமல் விட்டது இருக்காது. முதுமை தெரிவதே அந்த இடத்தில்தான்.

ஒலியை நிறுத்திவிடுங்கள். வர்ணனையாளர்கள் முன்கூட்டியே ஒரு கதையோடு வருவார்கள், கூட்டத்தின் கூச்சல் கையில் பட்ட அடியையும் முகத்தில் பட்டதாகக் காட்டும். ஒவ்வொரு ரவுண்டிலும் முதல் இரண்டு நிமிடத்தையும் கடைசி ஒரு நிமிடத்தையும் பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

தாளில் எண்ண வேண்டியவை நான்கு. எதிராளி போக்குக் காட்டும்போது இவர் எத்தனை முறை ஏமாந்து கையைத் தூக்குகிறார் அல்லது பின்வாங்குகிறார். அடி வாங்கிய உடனே திருப்பி அடிக்கிறாரா, வெறுமனே மூடிக்கொள்கிறாரா. இரண்டு மூன்று குத்து விட்டபின் பக்கவாட்டில் விலகுகிறாரா, நேராகவே பின்னால் போகிறாரா. முதுகு எத்தனை முறை கூண்டின் வேலியைத் தொடுகிறது. இதையே பழைய சண்டையிலும் எண்ணி, பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் கண்ணில் அறையும்.

மல்யுத்தத்தை நம்பும் வீரர் என்றால் டேக்டவுன் (எதிராளியைக் கீழே வீழ்த்தும்) முயற்சி எவ்வளவு தூரத்திலிருந்து தொடங்குகிறது என்று கவனியுங்கள். கால் தளர்ந்தவர் தள்ளி நின்றே குனிவார், இடுப்புக்கு அடியில் போகாமல் கையை நீட்டி முழங்காலைத் தேடுவார். எதிராளி ஸ்ப்ரால் செய்து, அதாவது காலைப் பின்னால் வீசி எடையை மேலே போட்டு, அவர் முதுகில் ஏற அதுவே வழி.

எதை நம்பித் தற்காக்கிறார்

பட்டியலில் இதுதான் முக்கியம் என்பேன். ஆன்டர்சன் சில்வாவின் 2013 ஜூலை 6 சண்டையைப் போட்டுப் பாருங்கள். லாஸ் வேகஸ், யுஎஃப்சி 162 (யுஎஃப்சி, எம்எம்ஏ சண்டைகளை நடத்தும் பெரிய நிறுவனம்). அப்போது சில்வாவுக்கு 38 வயது. அதுவரை யுஎஃப்சியில் 16 சண்டை, 16 வெற்றி. இரண்டாவது ரவுண்டில் கிறிஸ் வைட்மன் முன்னேறி வர, சில்வா கையைத் தொங்கவிட்டபடி, அடிபட்டுத் தள்ளாடுவதுபோல் நடித்தார். அடுத்தடுத்து வந்த அடிகளுக்கு இடுப்புக்கு மேல் மட்டும் பின்னால் சாய்ந்தார். பாதம் நகரவில்லை. இனிச் சாய இடமில்லை என்ற நிலையில் வைட்மனின் இடது ஹூக் (வளைத்து விடும் குத்து) தாடையில் இறங்கியது. ரவுண்டில் 1 நிமிடம் 18 நொடி.

அதே சாய்வைத்தான் அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் செய்துவந்தார், யாராலும் தொட முடியவில்லை. கண்ணை நம்பிய தற்காப்பில் இரண்டாவது அரண் கிடையாது. ஒரு கணம் பிந்தினால் முகம் திறந்து கிடக்கும். கையை உயர்த்தி மூடுபவர், கிளிஞ்சில் கட்டிப்பிடிப்பவர், கீழே போட்டு மேலே உட்காருபவர் ஆகியோருக்குக் கணம் பிந்தினாலும் தப்பிக்க வேறு வழி உண்டு. ராண்டி கூட்டூர் 2007 மார்ச்சில் 43 வயதில் டிம் சில்வியாவை ஐந்து ரவுண்டும் வென்று ஹெவிவெயிட் பட்டம் எடுத்தார். குளோவர் டெய்ஷேரா 2021 அக்டோபரில் அபுதாபியில், 42 வயது முடிந்த இரண்டாம் நாள், யான் பிளகோவிச்சைக் கீழே போட்டுக் கழுத்தைப் பூட்டிப் பட்டம் வாங்கினார். இருவருமே பிடித்து அழுத்தும் ஆட்டக்காரர்கள்.

தாடையும் கடனும்

வயதைவிட வாங்கிய அடியை எண்ணுங்கள். டோனி ஃபெர்கசன் 2020 மே 9 அன்று ஜஸ்டின் கேத்ஜியைச் சந்தித்தபோது வரிசையாக 12 வெற்றி கையில் இருந்தது, வயது 36. அந்த வெற்றிகள் பலவற்றில் அவர் அடி வாங்கி, விழுந்து எழுந்து ஜெயித்திருந்தார். ரசிகர்கள் அதை மனத்திடம் என்று கொண்டாடினார்கள். மனத்திடம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் உடம்பில் ஏறிய கடன். போதாக்குறைக்கு, ரத்தான ஏப்ரல் சண்டைக்கும் எடையைக் குறைத்துக் காட்டி, மூன்று வாரத்தில் மறுபடியும் குறைத்தார். ஐந்தாவது ரவுண்டில் நடுவர் நிறுத்தும்வரை அடி வாங்கினார். அதையும் சேர்த்து யுஎஃப்சியில் தொடர்ந்து எட்டுத் தோல்வி.

தாடை போனதை எப்படிக் கண்டுபிடிப்பது? விழுத்தாட்டிய அடியை நான்கைந்து முறை திருப்பிப் பாருங்கள். முழு உடல் எடையோடு வந்து சுத்தமாக விழுந்த அடி என்றால் யாராக இருந்தாலும் விழுவார், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். நெற்றியோரம் உரசிய அடிக்கோ ஜாபுக்கோ (முன்னால் இருக்கும் கையால் நேராக விடும் குத்து) கால் மடங்கினால் அதுதான் அபாய அறிகுறி. விழுந்தபின் என்ன செய்கிறார் என்பதும் முக்கியம். எதிராளியின் காலைத் தேடிப் பிடிக்கிறாரா, கண் எங்கேயோ போய்விடுகிறதா? சக் லிடெல் 2007 மே முதல் 2010 ஜூன் வரை ஆறு சண்டை போட்டு ஐந்தில் தோற்றார், அதில் நான்கு அடிபட்டு நிறுத்தப்பட்டவை. ஒன்று நடந்தால் தற்செயல் எனலாம். இரண்டாவது நடந்தபின் எதிராளியின் குத்து பலமா பலவீனமா என்ற விவாதத்துக்கே அர்த்தமில்லை.

நாக்அவுட்டுக்கும் அடுத்த சண்டைக்கும் இடையே எத்தனை மாதம் என்று தேதி போட்டு எழுதுங்கள். அலெக்சாண்டர் வோல்கனோவ்ஸ்கி 2023 அக்டோபர் 21 அன்று, குறுகிய அவகாசத்தில் ஒப்புக்கொண்ட சண்டையில் இஸ்லாம் மகச்சேவிடம் தலையில் உதை வாங்கி வீழ்ந்தார். நான்கு மாதம்கூட முடியாமல் 2024 பிப்ரவரி 17 அன்று இலியா டோபுரியாவிடம் மறுபடி நாக்அவுட். கதை முடிந்தது என்று சொன்னவர்கள் ஏராளம். கிட்டத்தட்ட 14 மாதம் ஓய்வெடுத்து, 2025 ஏப்ரல் 12 அன்று, 36 வயதில், தன்னைவிட ஆறு வயது இளையவரான டியேகோ லோப்பஸை ஐந்து ரவுண்டு புள்ளியில் வென்று பட்டத்தை மீட்டார். ஓய்வு மூளைக்கு மருந்து. ஆனால் அளவு மீறினால் கால்கள் சண்டையின் வேகத்தை மறந்துவிடும்: ஸ்டீபே மியோசிச் மூன்றரை ஆண்டுக்கு மேல் இடைவெளி விட்டு, 42 வயதில் ஜான் ஜோன்ஸோடு இறங்கியபோது அதைப் பார்த்தோம்.

வயதா, எதிராளியா?

விவாதங்கள் அதிகம் வழிதவறுவது இங்கேதான். சோதனை எளியது. முன்பு எல்லாரிடமும் செய்துவந்த ஒன்றை இப்போது சாதாரண எதிராளியிடம்கூடச் செய்ய முடியவில்லை என்றால் வயது. எப்போதுமே தொல்லை தந்த வகை ஆட்டக்காரரிடம் தோற்றால் அது பொருத்தத்தின் பிரச்சினை.

ஜோஸே ஆல்டோ 2017இல் ஜூனிலும் டிசம்பரிலும் மாக்ஸ் ஹாலவேயிடம் இரண்டு முறையும் மூன்றாவது ரவுண்டில் நிறுத்தப்பட்டார். முடிந்தார் என்றார்கள். இரண்டு சண்டையின் முதல் ரவுண்டுகளையும் பாருங்கள், ஆல்டோவின் கையும் இடுப்பும் பழையபடியே வேலை செய்கின்றன. ஹாலவே விடாமல் அடுக்கிய குத்துகளின் எண்ணிக்கைக்கு அவர் மூச்சு ஈடுகொடுக்கவில்லை, அவ்வளவுதான். பிற்பாடு எடையை 61.2 கிலோவுக்கு இறக்கி மார்லோன் வேரா, பெட்ரோ முன்யோஸ், ராப் ஃபான்ட் ஆகிய மூவரையும் வரிசையாகப் புள்ளியில் வென்றார்.

"அ, ஆவை வென்றார், ஆ, இயை வென்றார், ஆகவே அ, இயை வெல்வார்" என்ற கணக்கைத் தொடவே வேண்டாம். மாட் ஹ்யூஸ் 2004இல் ஜார்ஜ் சான் பியேரை வென்றார், 2006இல் அவரிடம் தோற்றார். 2007இல் மாட் செர்ரா சான் பியேரை வீழ்த்தினார், 2008இல் தோற்றார். 2009இல் அதே செர்ராவை ஹ்யூஸ் வென்றார். இதில் எந்த அம்புக்குறியை எங்கே போட?

எண்கள் ஏமாற்றும் இடம்

புள்ளிவிவரத்தில் வரும் "சிக்னிஃபிகன்ட் ஸ்ட்ரைக்" என்றால் பலமான அடி என்று பலர் நினைக்கிறார்கள். தூரத்தில் நின்று விட்ட எல்லா அடியும், லேசான ஜாப் உட்பட, அந்தக் கணக்கில் சேரும். டேக்டவுன் தடுப்பு 90 சதவீதம் என்று இருந்தால், தடுத்தது யாருடைய முயற்சியை என்று பாருங்கள். குத்துச்சண்டைக்காரர்கள் தயங்கித் தயங்கிச் செய்த முயற்சிகளைத் தடுத்ததற்கும் நல்ல மல்லரைத் தடுத்ததற்கும் சம்பந்தமில்லை. வாழ்நாள் சராசரியும் மூத்த வீரரின் விஷயத்தில் பயன்படாது. எடுத்துக்காட்டாக, சராசரி நிமிடத்துக்கு 4 அடி என்று காட்டும், கடைசி மூன்று சண்டையில் இரண்டரைதான் இருக்கும். கடைசி மூன்றை மட்டும் கூட்டி, சண்டை நடந்த நிமிடங்களால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கூண்டின் அளவையும் விசாரியுங்கள். யுஎஃப்சியின் பெரிய கூண்டு 30 அடி அகலம், சிறியது 25 அடி. கால் மெதுவான, தள்ளி நின்று ஆடும் மூத்தவருக்கு அந்த ஐந்தடி பெரிய விஷயம். பிடித்து அழுத்துபவருக்குச் சிறிய கூண்டு வரப்பிரசாதம். மூன்று ரவுண்டா ஐந்தா என்பதும் அப்படியே: ஏழு எட்டு நிமிடத்தில் வாய் திறந்து மூச்சு வாங்குபவருக்கு 25 நிமிடத்தில் வெற்றி கொடுக்கும்முன் யோசியுங்கள். முந்தின நாள் எடை பார்க்கும் காட்சியைத் தவறவிடாதீர்கள். உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, மேடை ஏறக் கைத்தாங்கல் தேவைப்பட்டால் கணிப்பை மாற்ற அது ஒன்றே போதும்.

தாளில் எழுதுவது

சண்டைக்கு முன் மூன்று வரி. முதல் வரி: யார் வெல்வார், எத்தனை சதவீத உறுதி. இரண்டாவது: எந்த வழியில், எந்த ரவுண்டு வாக்கில். மூன்றாவது: எது நடந்தால் என் கணிப்பு தவறும். மூன்றாவது வரியை எழுத முடியவில்லை என்றால் எதிராளியின் வீடியோவைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்ப் பாருங்கள்.

சண்டை நடக்கும்போது ஒவ்வொரு ரவுண்டு இடைவேளையிலும், ரீப்ளே ஓடுவதற்கு முன், 10-9 புள்ளியை (ரவுண்டை வென்றவருக்கு 10, மற்றவருக்கு 9) எழுதிவிடுங்கள். விதிப்படி முதலில் பார்க்க வேண்டியது பலன் தந்த அடியும் பிடியும். அதில் இருவரும் சமம் என்றால் மட்டுமே முன்னேறி ஆடியவர் யார் என்பது, அதுவும் சமம் என்றால் கூண்டைக் கட்டுப்படுத்தியவர் யார் என்பது. "முன்னால் போய்க்கொண்டே இருந்தார்" என்று ரவுண்டைக் கொடுப்பது மிகப் பரவலான தவறு. கீழே போட்டுவிட்டு எந்தச் சேதமும் செய்யாமல் படுத்திருந்தவருக்குக் கொடுப்பது அடுத்தது.

முடிந்தபின் முதல் வரியைப் பார்க்காமல் இரண்டாவது வரியைப் பாருங்கள். புள்ளியில் ஜெயிப்பார் என்று எழுதிய மூத்தவர், இரண்டு ரவுண்டு அடி வாங்கி மூன்றாவதில் ஒரே குத்தில் ஜெயித்தால், பெயர் சரியாக இருந்தாலும் அந்தக் கணிப்பைத் தவறு என்றே குறியுங்கள். அந்த இரண்டு ரவுண்டில் வாங்கிய அடியை அவருடைய அடுத்த சண்டைக்கான தாளில் முதல் வரியாக ஏற்றிவையுங்கள்.