‘செக்’ வந்த வழி: ஒரு ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தை நீங்களே தேடுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நாலு நாளாக கூரியர்காரர் வரும்போதெல்லாம் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். “ஏனுங்கண்ணா, செக் அனுப்பியாச்சுன்னு அமெரிக்காக்காரங்க மெயில் போட்டு ஒரு வாரமாச்சுங்க. துணி ஒன்னையுங் காணோமுங்க” என்றாள். கட்டம் போட்ட துணியில் சாம்பிள் வரும் என்று நினைத்திருக்கிறாள். மறுநாள் வந்த கவரைப் பிரித்தால், உள்ளே சாம்பிள் செலவுக்கான காசோலை.

தப்பு அவள் மேல் இல்லை. நாம் காசோலையைக் கடைசியில் ‘க்யூ’ வருகிற மாதிரி எழுதுகிறோம். அமெரிக்கர்கள் காசோலைக்கும் கட்டத் துணிக்கும் ஒரே எழுத்துதான் போடுவார்கள். “அப்ப ரெண்டும் ஒரே வார்த்தைங்களா, இல்ல வேற வேறயா?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டு, ஒரு பேனா, இணைய வசதி இருந்தால் போதும்.

படி 1: அகராதியை இப்போது திறக்க வேண்டாம்

ரெண்டு நாளைக்கு அந்தச் சொல் காதில் விழும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லை மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை, பேசிய வாக்கியத்தோடு எழுத வேண்டும். என் நோட்டில் இருந்தவை: “செக்கிங்ல நாப்பது பீஸ் டேமேஜ்னு ஒதுக்கிட்டாங்க.” “பார்ட்டி குடுத்த செக் ரிட்டன் ஆயிருச்சு.” “வாளையார் செக்போஸ்ட்ல வண்டி நிக்குது.” “அந்த செக் சட்டைய எடுத்துக் காட்டுங்க.” “செக்டேம் கட்டுன பொறவு கெணத்துல தண்ணி ஏறிருச்சு.” செஸ் ஆடிக்கொண்டிருந்த அண்ணன் மகன் கத்திய “செக்!”

படி 2: கூறு கட்டுங்கள்

உழவர் சந்தையில் தக்காளியைக் கூறு கட்டுவது போல, ஒத்த பொருளை ஒன்றாகச் சேருங்கள். நிறுத்துவது ஒரு கூறு, அதில் செக்டேம். பார்த்துச் சரிசெய்வது இன்னொன்று, அதில் செக்கிங். கட்டம் ஒன்று, காசோலை ஒன்று. செஸ் ஆட்டத்துச் செக் எதிலும் சேராமல் தனியாக நிற்கும், நிற்கட்டும்.

செக்போஸ்ட் எந்தக் கூறு? வண்டியை நிறுத்துகிறார்கள், நிறுத்திப் பார்க்கிறார்கள். இரண்டிலும் விழுகிறது. இப்படி இரண்டு கூறுக்கு நடுவே விழும் சொல்லைச் சுழித்து வையுங்கள். ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறிய இடத்தை அதுதான் காட்டிக்கொடுக்கும். (2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். ஊர்ப் பேச்சில் பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.)

படி 3: இப்போது அகராதி

சொற்களின் பூர்வீகம் சொல்லும் ஆன்லைன் எட்டிமாலஜி டிக்ஷனரி இலவசம், ஆரம்பிப்பவர்களுக்கு அது போதும். ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதிக்குச் சந்தா வேண்டும்.

அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் சின்னதாக 1, 2 என்று எண் போட்டிருந்தால், எழுத்து ஒன்று, பூர்வீகம் வேறு என்று அர்த்தம். ‘செக்மேட்’டில் வரும் மேட்டும் ‘ரூம்மேட்’டில் வரும் மேட்டும் அப்படித்தான். ரூம்மேட்டின் மேட் ஜெர்மானிய மொழி வழி வந்தது. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று பொருள். செக்மேட்டின் மேட் பாரசீகத்து ‘மாத்’. வழியில்லாமல் திகைத்து நிற்பது. ‘ஷா மாத்’ என்றால் ‘ராஜா செத்தான்’ என்று பலர் எழுதுகிறார்கள். அரபியில் ‘மாத்த’ என்றால் இறந்தான், அதில் வந்த குழப்பம். செஸ்ஸில் ராஜாவை யாரும் வெட்டுவதே இல்லையே!

படி 4: பின்னாலேயே நடங்கள்

சொல் எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்குப் போனது என்பதை அகராதி ஒரே வரியில் சுருக்கிப் போட்டிருக்கும். அதைப் பேருந்து நிறுத்தம் மாதிரி ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். செக்குக்கு இப்படி வரும்: ஆங்கிலத்தில் செக், அதற்கு முன் பழைய பிரெஞ்சில் எஷெக், இடைக்கால லத்தீனில் ஸ்காக்கஸ், அரபியில் ஷா, கடைசியில் பாரசீகத்து ஷா. ஷா என்றால் ராஜா. படி 2-இல் எதிலும் சேராமல் நின்ற பையனின் “செக்!” இருக்கிறதே, அதுதான் மூத்தது. “ராஜாவே, பார்த்துக்கொள்” என்ற எச்சரிக்கை.

அந்த ஆட்டமே இங்கிருந்து போனதுதான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாற்படையின் பெயரில் சதுரங்கம், பாரசீகத்தில் சத்ரங், அரபியில் ஷத்ரஞ்ச். நாம் அனுப்பிய ஆட்டம், பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் திரும்பி வந்து நிற்கிறது.

படி 5: கிளை பிரியும் இடத்தைப் பிடியுங்கள்

நேரம் செலவாவது இங்கேதான். செஸ்ஸிலிருந்து இந்தச் சொல் இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று ராஜா வழி, இன்னொன்று பலகை வழி.

ராஜா வழியை முதலில் பாருங்கள். செக் சொன்னால் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் அப்படியே நிறுத்திவிட்டு ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் ‘தடுத்து நிறுத்துவது’ என்ற பொருள் வந்தது. தடுப்பது கட்டுப்படுத்துவதாகி, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ‘சரிபார்ப்பது’ ஆனது. செக்டேமும் செக்கிங்கும் இந்த வழியில்தான், நடுவே செக்போஸ்ட்.

பலகை வழி வேறு. சதுரங்கப் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் எஷெக்கியே என்று பெயர். ஆங்கிலத்தில் அது செக்கர் ஆகி, செக்கர் சுருங்கிக் கட்டத் துணிக்குச் செக் ஆனது. தறி ஓட்டுகிறவர்களுக்குக் கட்டம் எப்படி விழுகிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. நெடுக்கே ஓடும் பாவில் இருபது இழை சிவப்பு, இருபது இழை வெள்ளை; குறுக்கே ஓடும் ஊடையிலும் அதே கணக்கு. இரண்டும் குறுக்கே மறுக்கே போனால் சதுரங்கப் பலகை. பவானி ஜமக்காளத்தில் பட்டை பட்டையாகத்தான் ஓடும், ஆகவே அதைச் செக் என்று சொன்னால் நெசவாளி சிரிப்பார்.

இதே பலகை வழியில்தான் இங்கிலாந்து கருவூலத்தின் பெயரான ‘எக்ஸ்செக்கர்’ வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் அரசருக்கு வரவேண்டிய பணத்தை ஒரு மேசையில் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்டு ஃபிட்ஸ்நீல் அந்த மேசையை அளவோடு எழுதி வைத்திருக்கிறார்: பத்து அடி நீளம், ஐந்து அடி அகலம், வைத்தது உருண்டு விழாமல் சுற்றிலும் நாலு விரல்கடை உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. அந்தக் கட்டங்களில் காய்களை நகர்த்தி நகர்த்திக் கூட்டிக் கழித்தார்கள். ஒரு பக்கம் கணக்குக் கொடுக்கிறவர், எதிர்ப் பக்கம் கணக்குக் கேட்கிறவர். பார்க்கிறவனுக்குச் செஸ் ஆடுவது போலத்தான் இருந்திருக்கும். ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு யார் கை ராஜா கை என்பதும் தெரியும்.

படி 6: எழுத்து பொய் சொல்லும்

காசோலை எந்த வழி? ‘க்யூ’ போட்ட எழுத்தைப் பார்த்தால் எக்ஸ்செக்கர் வழி, அதாவது பலகை வழி என்று தோன்றும். ஆண்டைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்பது பணத்தாளின் அடிக்கட்டை. கள்ளத்தாள் வந்தால் அடிக்கட்டையோடு ஒப்பிட்டுப் பிடிப்பதற்காக வைத்தது, ஆகவே ‘தடுப்பு’. பொருள் ராஜா வழியில் வந்திருக்கிறது. எக்ஸ்செக்கரின் சாயலில் ‘க்யூ’ பிறகு ஒட்டிக்கொண்டது. நம் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலும் அந்த எழுத்துதான், அதனால் நமக்கும் அதுவே பழகிவிட்டது. அமெரிக்கர்கள் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் கேட்டதற்குப் பதில்: வேர் ஒன்றுதான், வந்த வழிதான் வேறு.

படி 7: செக்கும் சிவலிங்கமும்

சொல் ஆராய்ச்சியில் இறங்கியவுடன் ஒரு ஆசை வரும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் போனால் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று போர்டு தொங்கும். “நம்ம செக்குதான் அங்க போயி செக் ஆயிருக்குமோ?” எனக்கும் தோன்றியது, மறைப்பானேன்.

மூன்று கேள்வி கேளுங்கள். இடையில் நிறுத்தங்கள் உண்டா? செக்குக்கும் ஆங்கிலச் செக்குக்கும் நடுவே ஒரு மொழியிலும் தடயமில்லை. ஷாவுக்கு வரிசையாக இருக்கிறது. பொருள் பாலம் உண்டா? எண்ணெய் ஆட்டுவதற்கும் ராஜாவை மிரட்டுவதற்கும் என்ன சம்பந்தம்? உறவு மொழியில் என்ன இருக்கிறது? வாளையாறு தாண்டினால் மலையாளத்தில் அதே எண்ணெய்ச் செக்குக்குச் ‘சக்கு’ என்று பெயர். இது நம் வீட்டுச் சொல், வ.உ.சி. கோவைச் சிறையில் இழுத்தாரே அந்தச் செக்கு. ஓசை ஒத்துப்போனது தற்செயல். தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனும், பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட அகராதியும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பயிற்சிக்கு ‘லூம்’ எடுத்துக்கொள்ளுங்கள். பவர்லூம் இல்லாத ஊரா நம் பக்கம்! பரம்பரை நகையை ஆங்கிலத்தில் ‘ஏர்லூம்’ என்கிறார்கள். பாட்டியின் நகைக்குள் தறி எப்படிப் போனது? படி 1-இல் ஆரம்பியுங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தறி என்று பொருள் இல்லை என்பதை மட்டும் துப்பாகச் சொல்லி வைக்கிறேன்.