விரல் திறந்த மறுசுழற்சிக் கம்பளிக் கையுறை: குறைந்த செலவில் நாள்பட உழைப்பதைத் தேடி எடுப்பது எப்படி?

நான் முதன்முதலில் வாங்கிய ஜோடி இரண்டே மாதத்தில் கிழிந்தது. உள்ளங்கையும் மணிக்கட்டும் நன்றாகத்தான் இருந்தன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிரிகிற கவட்டைதான் போனது. லேபிளில் '100 சதவீதம் மறுசுழற்சிக் கம்பளி' என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். அந்த 100தான் வில்லங்கம் என்பது அப்புறம்தான் புரிந்தது.

கணினியில் தட்டச்சு செய்பவர்கள், சைக்கிள் ஓட்டுபவர்கள், குளிரில் நின்று படம் எடுப்பவர்கள் எல்லாருக்கும் விரல் நுனி வெளியே இருக்க வேண்டும், உள்ளங்கை சூடாக இருக்க வேண்டும். இதற்கு மறுசுழற்சிக் கம்பளி அருமையான பொருள். எதைப் பார்த்து எடுப்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

படி 1: இந்தக் கம்பளி எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பழைய கம்பளித் துணிகளை நிறம் வாரியாகப் பிரித்து, பொத்தான், ஜிப் எல்லாம் நீக்கி, முள் உருளை இயந்திரத்தில் கொடுத்துப் பிய்ப்பார்கள். துணி மறுபடி பஞ்சாகும். அதைச் சிக்கெடுத்து மீண்டும் நூலாக நூற்பார்கள். இது புதுத் தொழில் இல்லை. இங்கிலாந்தின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் 1813 வாக்கில் ஆரம்பித்து வைத்தது. இத்தாலியின் பிராட்டோவும் இந்தியாவின் பானிபட்டும் இன்றைக்கும் இதற்குப் பேர்போன ஊர்கள்.

பிய்க்கும்போது இழைகள் அறுந்து குட்டையாகிவிடுகின்றன. சிக்கல் இங்கேதான். நீள இழை நூலுக்குள் பல சுற்று முறுக்கிக்கொண்டு இறுக்கமாக நிற்கும். குட்டை இழை கொஞ்சம் உரசினாலே வெளியே நழுவி வரும். வெளியே வந்த இழைகள் உருண்டை கட்டும், கட்டிய உருண்டைகள் உதிரும், நூல் மெலியும், கடைசியில் ஓட்டை விழும். தளர்வாகப் பின்னிய ஸ்வெட்டரைப் பிய்த்தால் ஓரளவு நீளமான இழை கிடைக்கும். கெட்டியாக நெய்த கோட்டுத் துணியைப் பிய்த்தால் கிடைப்பது இன்னும் குட்டை.

படி 2: லேபிளைப் படியுங்கள்

குட்டை இழைக்குத் துணை வேண்டும். அதனால் கொஞ்சம் நைலானோ புதுக் கம்பளியோ கலந்ததைத் தேடுங்கள். என் கணக்கு இது: மறுசுழற்சிக் கம்பளி 60 முதல் 75 சதவீதம், நைலான் 15 முதல் 25 சதவீதம், மிச்சம் புதுக் கம்பளி. சில லேபிள்களில் நைலான் 'பாலிஅமைடு' என்ற பெயரில் இருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

நைலான் கலந்தால் இன்னொரு தொல்லையும் கூடவே வரும். சுத்தக் கம்பளியில் கட்டும் உருண்டை நாளாக ஆகத் தானே உதிர்ந்துவிடும். நைலான் இழை பலமானது என்பதால் உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் கிழியாது. நான் கிழியாததைத்தான் எடுப்பேன்.

அக்ரிலிக் என்ற செயற்கை இழை பாதிக்கு மேல் இருந்தால் விட்டுவிடுங்கள். 'கம்பளி கலந்தது' என்று மட்டும் போட்டு எத்தனை சதவீதம் என்று சொல்லாததையும் தொடாதீர்கள். வெறுமனே 'மறுசுழற்சி' என்று இருந்தால் எது மறுசுழற்சி என்று பாருங்கள். பல நேரம் அது பாலியஸ்டராக இருக்கும், கம்பளியே இருக்காது.

ஜி.ஆர்.எஸ். (Global Recycled Standard, மறுசுழற்சிப் பொருள்களுக்கான தரச்சான்று) முத்திரை இருந்தால் நல்லது. பொருளில் அந்த முத்திரை குத்த வேண்டுமானால் குறைந்தது 50 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு இருக்க வேண்டும் என்பது விதி. ஆர்.சி.எஸ். (Recycled Claim Standard) என்ற இன்னொரு முத்திரைக்கு 5 சதவீதமே போதும், அதனால் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணையும் பாருங்கள். ஆனால் முத்திரை இல்லை என்பதற்காக ஒதுக்காதீர்கள். வீட்டிலிருந்தே பின்னி விற்பவர்களுக்கு அந்தச் சான்றிதழ் வாங்கக் கட்டுப்படியாகாது.

படி 3: கையை அளந்துகொள்ளுங்கள்

கட்டைவிரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 20 செ.மீ. வந்தால், தட்டையாகக் கிடக்கும் கையுறையின் அகலம் 9 முதல் 9.5 செ.மீ. இருக்கலாம். கம்பளி இழுபட்டுக் கொடுக்கும். லொடலொடவென்று இருந்தால் சூடும் நிற்காது, உரசலும் கூடும்.

படி 4: கையில் எடுத்துச் சோதியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

முதலில் உட்புறத்தை வெளியே திருப்புங்கள். கட்டைவிரல் சேரும் இடத்தைப் பாருங்கள். மட்டமான கையுறையில் நேராக ஒரு கீறல் விட்டு ஓரம் அடித்திருப்பார்கள். கையை விரிக்கும்போதெல்லாம் கீறலின் முனை இழுபடும். என் முதல் ஜோடி அப்படித்தான் போனது. நல்ல கையுறையில் கவட்டைக்கு என்று முக்கோணமாகக் கூடுதல் பின்னல் சேர்த்து, கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு சிறு குழல் வைத்திருப்பார்கள். போட்டுப் பார்த்து ஐந்து விரலையும் நன்றாக விரியுங்கள். கவட்டையில் பின்னல் கண் திறந்து தோல் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

அடுத்து நூல். உட்புறத்தில் முடிச்சிட்டு விட்ட நூல் வால் எங்காவது தொங்கும். அதன் முறுக்கை விரல் நுனியால் மெதுவாகப் பிரியுங்கள். இரண்டு மூன்று மெல்லிய நூல்களாகப் பிரிந்தால் அது இரட்டைப் புரி அல்லது முப்புரி நூல், நம்பலாம். பிரிக்கும்போதே பஞ்சு மாதிரி அறுந்து கையோடு வந்தால் ஒற்றைப் புரி. தொடும்போது மெத்தென்று இருக்கும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். மிக மென்மையாக இருக்கும் கையுறை பெரும்பாலும் சீக்கிரம் நைந்து போகிறது. கொஞ்சம் சொரசொரப்பாக, கெட்டியாக இருப்பதுதான் உழைக்கிறது.

பிறகு உள்ளங்கைப் பகுதியை அதன் மேலேயே மடித்து இருபது தடவை தேயுங்கள். லேசாகப் பிசிறு எழும்பினால் பரவாயில்லை. அதற்குள்ளேயே உருண்டை கட்டினால் வேண்டாம். கையுறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பின்னல் கண்கள் சீராகத் தெரிய வேண்டும். மணிக்கட்டு ரிப்பை (வரி வரியாகப் பின்னிய, இழுபடும் பட்டை) ஒன்றரை மடங்கு இழுத்து விடுங்கள், சட்டென்று பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும்.

சாம்பல் நிறக் கையுறையைக் கிட்டத்தில் பார்த்தால் நீலமும் சிவப்புமாகப் பொடிப்பொடியாகத் தெரியும். பழைய துணிகளின் நிறங்கள் அவை. குறை என்று நினைக்காதீர்கள். எண்ணெய் வாடை அடித்தாலும் கவலை வேண்டாம், நூற்கும்போது விடுகிற எண்ணெய் அது, முதல் சலவையில் போய்விடும்.

இணையத்தில் வாங்குகிறீர்களா? உட்புறத்தின் படமும் கட்டைவிரல் சேரும் இடத்தின் படமும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டதில் பாதிப் பேர் அனுப்பினார்கள். அனுப்பாதவர்களிடம் வாங்கவில்லை.

படி 5: செலவைக் குறைக்கும் வழிகள்

குளிர் முடிகிற சமயத்தில் தேடுங்கள், கிடங்கைக் காலி செய்ய விலையைத் தள்ளுவார்கள். நிறம் கொஞ்சம் மாறிப்போன, தையல் கோணியிருக்கும் இரண்டாம் தரச் சரக்கும் நமக்குப் போதும், கவட்டை சரியாக இருக்கும்வரை. பின்னத் தெரிந்தவர் யாராவது இருந்தால் மறுசுழற்சிக் கம்பளி நூலாக வாங்கிக் கொடுங்கள். குட்டையான ஜோடிக்குப் பெரும்பாலும் 50 கிராம் போதும். மணிக்கட்டைத் தாண்டி நீள வேண்டுமானால் 100 கிராம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் விடச் செலவு குறைந்த வழி உங்கள் அலமாரியிலேயே இருக்கலாம்.

படி 6: பழைய ஸ்வெட்டரின் கையிலிருந்து நீங்களே செய்வது

இதுவும் மறுசுழற்சிதான். சொல்லப்போனால் இன்னும் நல்லது, ஏனென்றால் இதில் இழையைப் பிய்ப்பதில்லை. அதன் நீளம் அப்படியே இருக்கிறது.

குறைந்தது 80 சதவீதம் கம்பளி உள்ள ஸ்வெட்டராக, பெரிய அளவாகப் பாருங்கள். 'இயந்திரத்தில் துவைக்கலாம்' என்று பதப்படுத்திய கம்பளி இதற்கு ஆகாது, அது சுருங்காது. லேபிள் இல்லையென்றால் தையலுக்குள்ளிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் அணையும், சாம்பல் நசுக்கினால் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

இப்போது ஸ்வெட்டரை 60 டிகிரி வெந்நீரில், ஒரு பழைய ஜீன்ஸோடு சேர்த்து இயந்திரத்தில் போடுங்கள். ஜீன்ஸ் எதற்கு என்றால் மோதுவதற்கு. சூடும் உரசலும் சேரும்போது கம்பளி இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். துணி சுருங்கிக் கெட்டிப்படும். பின்னல் கண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தால் வேலை முடிந்தது. தெரிந்தால் இன்னொரு தடவை. பழைய ஸ்வெட்டரில் அந்துப்பூச்சி முட்டை இருந்தால் இந்தச் சூட்டில் அதுவும் அழிந்துவிடும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: சுருக்கிய பிறகே வெட்ட வேண்டும். நான் ஒரு தடவை மாற்றிச் செய்துவிட்டேன். மிஞ்சியது பொம்மைக்குப் போடுகிற அளவில் இரண்டு குழல்கள்.

காய்ந்ததும், கஃப் (ஸ்வெட்டர் கையின் மணிக்கட்டுப் பட்டை) முனையிலிருந்து 18 முதல் 20 செ.மீ. அளந்து ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் வெட்டுங்கள். கஃப் மணிக்கட்டுக்கு, வெட்டிய முனை விரல் முட்டிக்கு. போட்டுப் பார்த்து, ஸ்வெட்டர் கையின் நெடுக ஓடும் தையல் கட்டைவிரல் பக்கம் வருமாறு திருப்புங்கள். கட்டைவிரல் வர வேண்டிய இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி வைத்து, அந்தத் தையலை மட்டும் 4 செ.மீ. பிரித்துவிடுங்கள். துணியில் கத்தரி படவே இல்லை பாருங்கள், ஓட்டை தயார். பிரித்த இடத்தின் இரண்டு முனையிலும் ஊசியால் நாலைந்து தடவை குத்தி இறுக்கி, ஓட்டையைச் சுற்றிக் காஜா எடுப்பதுபோல நெருக்கமாக ஓரம் கட்டுங்கள். மேல் முனைக்கும் அப்படியே. பழகாத கைக்கு ஒரு மாலை நேரம் பிடிக்கும்.

படி 7: போட ஆரம்பிக்கும் முன்

வாங்கியதோ செய்ததோ, முதல் நாளே கவட்டையின் உட்புறத்தில் சாக்ஸ் பின்னும் நூலால் இரண்டு வரிசை ஓட்டிவிடுங்கள். அந்த நூலில் பொதுவாக நைலான் கலந்திருக்கும். கிழிந்த பிறகு தைப்பதைவிட இது பத்து மடங்கு சுலபம்.

அடிக்கடி துவைக்க வேண்டியதில்லை, காற்றாட விரித்து வைத்தாலே வாடை போய்விடும். துவைத்தால் 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீர், கம்பளிக்கான சோப்பு. முறுக்கிப் பிழியாதீர்கள், துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் நீண்டுவிடும். முதல் சில வாரம் உருண்டை நிறையக் கட்டும். கையால் பிய்க்காதீர்கள், நல்ல இழையும் கூடவே வரும். சின்னக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டி எடுங்கள். ஸ்வெட்டரில் மிஞ்சிய முதுகுப் பகுதியைத் தூக்கி எறிய வேண்டாம், பின்னால் ஒட்டுப் போட அதே நிறத் துணி வேறெங்கும் கிடைக்காது.