கட் வேண்டாம், காப்பி செய்யுங்கள்: டிரைவ் மாற்றும்போது ஃபைல் தொலையாமல் இருக்க

ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபோல்டரை கட் செய்து பேஸ்ட் செய்தால் நொடியில் முடிந்துவிடும். டேட்டா இருந்த இடத்திலேயே இருக்கிறது, முகவரி மட்டும்தான் மாறுகிறது. சி டிரைவிலிருந்து வெளி டிஸ்க்குக்குப் போவது அப்படியல்ல. விண்டோஸ் நகலெடுத்துவிட்டுப் பழையதை அழிக்கும். நகல் சரியாக விழுந்ததா என்று திரும்பப் படித்துப் பார்க்காது. அழிந்தது ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. பழைய டிஸ்க் எஸ்எஸ்டி என்றால், அழித்த இடத்தைக் காலி செய்யும் ட்ரிம் வேலை செய்துவிடும், ரெக்கவரி மென்பொருள் போட்டாலும் பெரும்பாலும் பலன் இருக்காது. அதனால் எப்போதும் காப்பிதான்.

முதலில் பழைய டிஸ்க்கின் உடல்நிலை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி5 என்ற வரியின் 'ரா வேல்யூஸ்' எண்ணைப் பாருங்கள். படிக்கத் திணறும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு கட்டங்களின், எண்ணிக்கை அது. பூஜ்யம் இல்லையென்றால் போட்டோ, கணக்கு போன்ற ஈடில்லாதவற்றை உடனே எடுங்கள், சினிமா பிறகு. அந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மேலும் வதைக்கும். டேட்டா வரும் வழியில் நேரும் பிழைகளை எண்ணும் சி7 வரி மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, மாற்றிப் பாருங்கள்.

போய்ச் சேரும் டிஸ்க்கின் ஃபார்மேட் ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்டில் அந்தத் தடை இல்லை, ஆனால் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலிங்கும் இல்லை. எழுதும்போது பிடுங்கினால் டிஸ்க்கே குழம்பலாம். விண்டோஸில் மட்டும் பயன்படுத்துவதென்றால் என்டிஎஃப்எஸ் நல்லது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபார்மேட்டுக்குப் போகிறவர்கள் நீளமான தமிழ்ப் பெயர்களைக் கவனியுங்கள். பெயருக்கு 255 பைட்தான் இடம். 'கி' என்ற ஓரெழுத்தே 6 பைட் தின்னும்.

காப்பிக்கு முன் அவுட்லுக், டேலி எல்லாவற்றையும் மூடுங்கள், ஸ்லீப்பை அணையுங்கள், லேப்டாப்பை சார்ஜரில் போடுங்கள்.

முடிந்ததும் இரண்டு ஃபோல்டர்களின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கையையும் 'சைஸ்' வரியையும் ஒப்பிடுங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' வேறாக இருப்பது இயல்பு, பதற வேண்டாம். ஆனால் அளவு பொருந்தினாலும் உள்ளே கெட்டிருக்கலாம். அதற்கு ஹாஷ் பார்க்க வேண்டும், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற மதிப்பு.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். காப்பி முடிந்த கையோடு சோதித்தால், கம்ப்யூட்டர் டிஸ்க்கைப் படிக்காமல் ரேமில் மிச்சமிருப்பதையே காட்டிவிடலாம். எஜெக்ட் கொடுத்து, கழற்றி, மறுபடி செருகுங்கள். 7-ஸிப் மென்பொருள் இருந்தால் ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து, சிஆர்சி எஸ்எச்ஏ மெனுவில் எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பக்கமும் ஓட்டி, டேட்டாவுக்கான மதிப்பை ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா? உள் ஃபோல்டர்களைத் தனித்தனியாகச் சோதித்தால் குற்றவாளி ஃபைல் சிக்கும். ஒரே ஃபோல்டரைத் தொடாமல் இருமுறை ஓட்டியும் மதிப்பு மாறினால் ஃபைலைச் சந்தேகிக்காதீர்கள். ரேமையோ கேபிளையோ பாருங்கள்.

எல்லாம் பொருந்தினாலும் பழையதை அன்றே அழிக்க வேண்டாம். ஃபோல்டர் பெயரின் கடைசியில் '_பழையது' என்று சேர்த்து இரண்டு வாரம் விடுங்கள். பழைய முகவரியையே நம்பியிருக்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால், ஃபைலைக் காணோம் என்று அதற்குள் அதுவே கத்தும்.